எல்லாருக்கும் வாழ்த்து

ஸ்னேக்,
3 மார்ச் 2014

மைண்டர்ட்,

தொலைபேசியில் பேசினால் என் வாக்கியத்தை நான் முடிப்பதற்குள் நீ முடித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். காகிதத்தில் இருந்தால் நீ கடைசிவரை படித்துத்தான் ஆக வேண்டும்.

ஏப்ரல் பதினேழு இந்த வருடம் வியாழக்கிழமை வருகிறது. ஹிட்டே இருந்திருந்தால் இருபத்தைந்து. போன வருடம் அன்றைக்கு நான் ஒன்றுமே செய்யவில்லை. காலையில் கழிப்பறைக்குப் போனேன், சுவரில் எல்லாருடைய பிறந்தநாளும் குறித்திருக்கும் காலண்டர், அதில் அவன் பேர். அப்படியே உட்கார்ந்திருந்தேன். வாசல் மணி அடிக்கவில்லை. யாரும் வரவில்லை. ஒருத்தர்கூட வரவில்லை. அந்த மாதிரி ஒரு நாள் எனக்கு இன்னொரு தடவை வேண்டாம்.

அதனால் இந்த வருடம் எப்போதும்போல நாற்காலிகளை வட்டமாகப் போடப் போகிறேன். காபி, ஆரஞ்சு கேக், அப்புறம் பாலாடைக்கட்டித் துண்டு, ஈரல் சாசேஜ், எல்லாம். வருகிறவர்கள் எப்போதும்போல ஒவ்வொருவராகக் கை கொடுத்து வாழ்த்துச் சொல்ல வேண்டும். இறந்துபோய் இப்போது நம்மோடு இல்லாத பிள்ளைக்கா என்று கேட்பாய். ரென்ஸ்கெயே கேட்டாள். கூடப் பிறந்தவள், அவளே கேட்டாள்.

"செத்துப்போன பையனுக்கு யாருக்கு வாழ்த்துச் சொல்றது?"

"எனக்குச் சொல்லுங்க. நான் இன்னும் அவன் அம்மாதானே" என்றேன்.

அப்புறம், "சரி, கேக் நான் கொண்டு வரேன். நீ செஞ்சா நடுவுல வேகாது" என்றாள்.

அவளும் அவள் புருஷனும் வருகிறார்கள். பக்கத்து வீட்டுத் திருமதி பொஸ்மா வருகிறாள். ஹிட்டேயோடு பனிச்சறுக்குப் போய்க்கொண்டிருந்த கூட்டாளிகள் வருகிறார்கள். நீயும் வா. அவன் என் சொந்தப் பிள்ளை, உன் சொந்தப் பிள்ளை. வீட்டைவிட்டுப் போனது நீ, அவன் அப்பா என்பது போகவில்லை. வா, மைண்டர்ட். மறுபடியும் சொல்கிறேன், வா.

அலீடா

*

ஸ்வோல,
8 மார்ச் 2014

அலீடா,

உன் கடிதத்தை இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். சிவப்பு மையில் அடித்திருப்பவை இல்லாமலும் அது நிற்கிறது. வேண்டுமானால் படித்துப் பார். "இறந்துபோய் இப்போது நம்மோடு இல்லாத." இறந்தவன் நம்மோடு இருக்க மாட்டான். "சொந்தப் பிள்ளை." பிள்ளை என்றால் போதும். "யாரும் வரவில்லை, ஒருத்தர்கூட வரவில்லை." முதல் வாக்கியத்திலேயே அறை காலியாகிவிட்டது.

கோபத்தில் செய்ததாக நினைக்காதே. கை அப்படிப் பழகிவிட்டது. பத்திரிகையில் இருபது வருடத்துக்கு மேல் இதைத்தான் செய்தேன். "இலவசப் பரிசு" என்று வந்தால் இலவசத்தை அடிப்பேன். "முன்கூட்டியே முன்பதிவு" என்று வந்தால் ஒரு "முன்" போகும். அதற்குக் கிடைத்த மரியாதை உனக்குத் தெரியும். என்னை வெளியே அனுப்பிய நிர்வாகி ஹால்பெர்ட்ஸ்மா வழியனுப்பு விழாவில் எழுந்து, "நம் முன்னாள் ஆசிரியராக முன்பு இருந்தவர்" என்றான். கை தட்டினார்கள். ஒருவன்கூடச் சிரிக்கவில்லை. அந்த அறையில் இருந்த அத்தனை பேரையும் நான் இன்னும் மன்னிக்கவில்லை. இப்போது நீர்வாரியத்தின் துண்டறிக்கைகளைத் திருத்துகிறேன். "ஈரத்தால் நனைந்த கரை" என்று எழுதுகிறார்கள். அடிக்கிறேன்.

உன் வட்டத்துக்கு வருகிறேன். பத்து நாற்காலி. உள்ளே வருகிறவன் பத்துக் கையையும் குலுக்க வேண்டும். அம்மாவிடம், "உங்க பையனுக்கு வாழ்த்து." சித்தியிடம், "உங்க அக்கா பையனுக்கு வாழ்த்து." பக்கத்து வீட்டுக்காரியிடம், "உங்க பக்கத்து வீட்டுப் பையனுக்கு வாழ்த்து." ஒவ்வொருத்தரும் திருப்பி, "உங்களுக்கும்." அவன் உட்கார்வதற்குள் அடுத்தவன் வந்துவிடுவான், மறுபடி முதலிலிருந்து. ஒரே செய்தி, அதுவும் அறையில் எல்லாருக்கும் தெரிந்த செய்தி. பேச்சில் இவ்வளவு சிக்கனமான ஜனங்கள், பிறந்தநாள் வந்தால் மட்டும் இப்படிப் பைத்தியமாகிவிடுகிறார்கள்.

இருக்கிறவனுக்கே அது வீண். இல்லாதவனுக்கு அதில் என்ன பொருள் மிச்சம் இருக்கிறது என்று நீதான் சொல்ல வேண்டும்.

மைண்டர்ட்

*

ஸ்னேக்,
12 மார்ச் 2014

மைண்டர்ட்,

சிவப்பு மை கிடைத்தது. ரென்ஸ்கெயிடம் காட்டினேன். "பேர மட்டும் விட்டுவெச்சிருக்கான் பாரு, பெரிய மனசு" என்றாள். நானும் சிரித்தேன். அப்புறம் நான் சிரிக்கவில்லை.

அவன் மரண அறிவிப்பு உனக்கு நினைவிருக்கிறதா? நான் எழுதிக் கொடுத்தேன்: "எங்கள் அருமை அன்பு மகன் ஹிட்டே." உன் பத்திரிகைதான், நீதான் கொண்டு போனாய். மறுநாள் அச்சில் வந்தது: "எங்கள் மகன் ஹிட்டே." நான் கேட்டேன். "அருமையும் அன்பும் ஒண்ணுதான்" என்றாய். சரி, ஒன்றை அடித்திருக்கலாம். இரண்டையும் அடித்தாய். ஏன் என்று கேட்டதற்கு, "மகன்னாலே அதுல ரெண்டும் இருக்கு" என்றாய். இருக்கிறதா? எல்லா வீட்டிலும் இருக்கிறதா? உன் அப்பா உன்னை மகன் என்று சொன்னதில் இருந்ததா?

அவனுடைய ஒவ்வொரு பிறந்தநாளும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. எல்லாரும் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். நீ வேலையிலிருந்து வருவாய். கதவிலேயே நின்று கையைத் தூக்குவாய். "எல்லாருக்கும் வாழ்த்து." அவ்வளவுதான். ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்துவிடுவாய். ஹிட்டே சின்ன வயதில் அதைச் செய்து காட்டுவான், கையைத் தூக்கி, உன் குரலில். எல்லாரும் சிரிப்போம், நீயும் சிரிப்பாய். நானும் சிரித்தேன். ஆனால் திருமதி பொஸ்மா என் கையைப் பிடித்து "உன் பையனுக்கு வாழ்த்து" என்பாள், தபால்காரன் சொல்வான், நீ மட்டும் ஒரு தடவைகூட எனக்குச் சொன்னதில்லை. என்னைப் பார்த்து, என் பேரைச் சொல்லி, ஒரு தடவைகூட இல்லை.

அப்போது அது பெரிதாகத் தெரியவில்லை. இப்போது தெரிகிறது. பொருள் என்ன என்று கேட்டாயே, சொல்கிறேன். அவன் போன பிறகு நீ என்னை நேராகப் பார்க்கவில்லை. ஆறு மாதம் ஒரே வீட்டில் இருந்தாய், பார்க்கவில்லை. அப்புறம் பெட்டியை எடுத்துக்கொண்டு போனாய். அந்தப் பனிக்கட்டி விஷயத்தில் நீ என்னைத்தான் குற்றம் சொல்கிறாயா என்று எனக்குத் தெரிய வேண்டும். கேட்டால் நீ பதில் சொல்ல மாட்டாய். அதனால் கேட்கவில்லை. நீ வட்டத்தைச் சுற்றி வா, என் நாற்காலிக்கு வரும்போது "உன் பையனுக்கு வாழ்த்து, அலீடா" என்று சொல். சொன்னால் எனக்குப் புரிந்துவிடும். நான் அவனுக்கு நல்ல அம்மாவாகத்தான் இருந்தேன் என்று புரிந்துகொள்வேன். வேறு யார் சொன்னாலும் அது வெறும் வழக்கம். நீ சொன்னால் வழக்கம் இல்லை.

அலீடா

*

ஸ்வோல,
20 மார்ச் 2014

அலீடா,

நீ கேட்காமல் கேட்டிருக்கிறாய். கேட்டுவிட்டதால் பதில் எழுதுகிறேன்.

உறைந்த வாய்க்காலில் பாலத்துக்கு அடியில் பனிக்கட்டி கெட்டியாக இருக்காது என்பது ஸ்னேக்கில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் தெரியும். பாலம் வந்தால் கரையேறி, சறுக்குக் காலணியோடு அங்கே விரித்திருக்கும் கம்பளத்தின் மேல் நடந்து, அந்தப் பக்கம் இறங்க வேண்டும். ஹிட்டேக்கும் தெரியும். அவனுக்கு நான்கு வயதானதிலிருந்து ஒவ்வொரு குளிர்காலமும் நீ அதைச் சொன்னாய். அவனுக்கு அடியில் பனிக்கட்டி உடைந்த அன்று காலையும் போனில் சொன்னாய். நான் பக்கத்தில் ரொட்டி தின்றுகொண்டிருந்தேன். "பாலத்துக்கு அடியில போகாதடா. கேக்குதா? பாலத்துக்கு அடியில. எந்தப் பாலமா இருந்தாலும் சரி." அவன், "சரிம்மா, சரிம்மா, சரிம்மா" என்றான். அவன் சிரிப்பது எனக்கே கேட்டது.

நீ எல்லாவற்றுக்கும் அப்படிச் சொன்னாய். முட்டை வாங்கக் கடைக்குப் போனாலும் "பாத்துப் போ." படுக்கப் போனாலும் "பாத்துப் போ." மாடியில் என்ன இருக்கிறது பார்ப்பதற்கு? கொஞ்ச நாளில் அது கொட்டாவி மாதிரி ஒரு சத்தமாகிவிட்டது. அவன் காது அதைக் கேட்பதை நிறுத்திவிட்டது. இரண்டு தடவை சொன்ன வார்த்தை பாதி வார்த்தை. ஆயிரம் தடவை சொன்ன வார்த்தையில் என்ன மிச்சம் இருக்கும்? அந்த ஒரு வார்த்தை தேவைப்பட்ட ஒரு நாளில் அது தேய்ந்து காலியாக இருந்தது.

இதைத்தான் நான் இரண்டு வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்தேன். நீ குற்றவாளி என்று நான் சொல்லவில்லை. எது நடந்தது என்று சொல்கிறேன்.

பதினேழாம் தேதி வருகிறேன். வரவில்லை என்றால் உன் தங்கை ஊர் முழுக்க அதையே பேசிக்கொண்டிருப்பாள்.

மைண்டர்ட்

*

ஸ்னேக்,
2 ஏப்ரல் 2014

மைண்டர்ட்,

உன் மனதில் இதுதான் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்ததை எழுத்தில் பார்ப்பது வேறு. பத்து நாள் எடுத்துக்கொண்டேன்.

ஒன்று கேட்கிறேன். நீ அவனிடம் ஒரு தடவையாவது சொன்னாயா, பாலத்துக்கு அடியில் போகாதே என்று? உன் வாயால்? அவன் உன் பேச்சைக் கேட்பான். நீ அதிகம் பேச மாட்டாய், அதனால் நீ பேசினால் கேட்பான். நான் உன்னிடம் கெஞ்சியிருக்கிறேன், "நீயும் ஒரு வார்த்தை சொல்லேன்" என்று. "நீதான் சொல்லிட்டியே. ரெண்டு பேர் எதுக்கு?" என்பாய். ரொட்டி தின்றுகொண்டிருந்தேன் என்று நீயே எழுதியிருக்கிறாய். போன் உன் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது.

இதைச் சண்டைக்காக எழுதவில்லை. நீ எழுதியதால் நானும் எழுதினேன். இப்போது இரண்டு பேரும் சொல்லிவிட்டோம். இதற்கு மேல் மோசமாகச் சொல்ல நம்மிடம் ஒன்றும் இல்லை. அப்படியும் நீ வர வேண்டும் என்றுதான் இருக்கிறது. அப்படியும் அதை உன் வாயால் கேட்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. நானும் உனக்குச் சொல்வேன். இதையெல்லாம் எழுதிய பிறகும் சொல்வேன்.

மூன்று மணிக்குக் காபி.

அலீடா

*

ஸ்னேக்,
19 ஏப்ரல் 2014

மைண்டர்ட்,

நீ கதவில் நின்றாய். எல்லாரும் உன் கையைப் பார்த்தார்கள், தூக்கப் போகிறாய் என்று. நீ தூக்கவில்லை. மேலங்கியைக் கழற்றி மாட்டினாய். ரென்ஸ்கெயின் புருஷனிடமிருந்து தொடங்கினாய். "உங்க மனைவியோட அக்கா பையனுக்கு வாழ்த்து." உன் வாயிலிருந்து அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. நன்றாகத்தான் இருந்தது. அவன் பயந்துபோய், "உனக்கும் மைண்டர்ட், உனக்கும்" என்று இரண்டு தடவை சொன்னான்.

அப்புறம் ரென்ஸ்கெ. அப்புறம் அந்தப் பையன்கள். அவர்களிடம் "உங்க கூட்டாளிக்கு வாழ்த்து" என்றாய், அதில் உயரமானவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அப்புறம் திருமதி பொஸ்மா. அவள் உன் கையை விடவே இல்லை. நான் கடைசி நாற்காலி. நீ திரும்பினாய். நான் எழுந்து நின்றேன். உட்கார்ந்தபடியே வாங்கிக்கொள்ள எனக்கு மனமில்லை.

நீ என் தோளுக்கு மேலே எதையோ பார்த்தாய். "காபி இருக்கா?" என்றாய்.

இருந்தது. நான் போய் ஊற்றிக்கொண்டு வந்தேன். பால் ஒரு சொட்டு, சர்க்கரை இல்லை. நீ குடித்தாய். கேக் சாப்பிட்டாய். நன்றாக இருக்கிறது என்று ரென்ஸ்கெயிடம் சொன்னாய்.

நீ கதவிலேயே நின்று "எல்லாருக்கும் வாழ்த்து" என்றிருந்தால் அந்த எல்லாரில் நானும் இருந்திருப்பேன். நீ ஒவ்வொருத்தராகச் சொல்லிக்கொண்டு வந்து என்னை மட்டும் விட்டாய். எட்டுப் பேர் பார்க்க விட்டாய். நான் கேட்டிருந்த கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது.

அலீடா

*

ஸ்வோல,
24 ஏப்ரல் 2014

அலீடா,

நீ அதைப் பதில் என்று எடுத்துக்கொண்டது தவறு. நான் பதில் எதுவும் சொல்லவில்லை. சொல்லாததைச் சொன்னதாகப் படிப்பது உன் பழைய பழக்கம்.

நீ எழுந்து நின்றாய். அதை நான் எதிர்பார்க்கவில்லை. உட்கார்ந்திருந்தால் ஒருவேளை முடிந்திருக்கும். மேலும் உன் தங்கை ஏதோ கோல் விழப்போகிற மாதிரி வாயைத் திறந்து வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். அப்படிப்பட்ட பார்வைக்கு முன்னால் எந்த மனிதனுக்கும் வாய் வராது. கிளம்பும்போது மேலங்கி மாட்டும் இடத்தில் என்னைப் பிடித்துக்கொண்டு, "உனக்கு வாய்ல இருக்கறது நாக்கா, கத்தரிக்கோலா?" என்று கேட்டாள். அதற்கும் நான் பதில் சொல்லவில்லை. இதையும் குறித்து வைத்திருக்கிறேன்.

கேக் நன்றாக இல்லை. நடுவில் வேகவில்லை.

அடுத்த வருடம் முயல்கிறேன்.

மைண்டர்ட்

*

ஸ்வோல,
18 ஏப்ரல் 2015

அலீடா,

இலையுதிர் காலத்தில் எழுதினேன், பதில் இல்லை. கிறிஸ்துமஸுக்கு எழுதினேன், பதில் இல்லை. இந்த வருடம் அழைப்பும் வரவில்லை. அழைப்பு தேவையா என்ன, நாள் மாறாது என்று நேற்று நானே வந்தேன்.

உன் ஜன்னலில் திரை இழுக்கவில்லை. வட்டம் இல்லை. நாற்காலிகள் மேசையைச் சுற்றி, வெறும் செவ்வாய்க்கிழமை மாதிரி நின்றன. மணியை அடித்தேன். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை அடித்தேன். ஆள் இல்லை என்று முதல் தடவையே தெரிந்துவிட்டது. அப்படியும் அடித்தேன்.

திருமதி பொஸ்மா ஜன்னல் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அலீடா இல்லப்பா. காலைலயே ரென்ஸ்கெ வந்து கூட்டிட்டுப் போயிட்டா. தீவுக்குப் போறாங்களாம், கடல் பாக்க. ஒன்கிட்ட சொல்லலையா?"

"இல்ல" என்றேன்.

"ஓ" என்றாள். பிறகு ரப்பர் கையுறையைக் கழற்றினாள். அது ஈரத்தில் ஒட்டிக்கொண்டு வரவில்லை, பல்லால் இழுத்துக் கழற்றினாள். கையை நீட்டினாள். "உன் பையனுக்கு வாழ்த்து, மைண்டர்ட்."

"அவன் இறந்துட்டான்" என்றேன். பிழையைக் கண்டால் வாய் தானாகத் திறந்துவிடுகிறது.

"தெரியாமலா சொல்றேன்? அவன் பெட்டிக்குப் பின்னாடி நானும்தானே நடந்தேன்." கையை அவள் எடுக்கவில்லை. ஈரமாக, சில்லென்று இருந்தது. "உங்களுக்கும்" என்றேன். அதைச் சொல்லாமல் அந்தக் கை என்னை விடாது என்று தெரிந்தது.

ரயிலில் யோசித்துக்கொண்டு வந்தேன். போன வருடம் உன் முன்னால் நின்றபோது வார்த்தை என் வாயில் தயாராகத்தான் இருந்தது, அலீடா. எட்டுப் பேரிடம் சொல்லிச் சொல்லி அது சூடாகக்கூட இருந்தது. ஆனால் நான் சொன்னால் நீ "உனக்கும்" என்பாய். நிச்சயம் என்பாய், என்னதான் எழுதியிருந்தாலும் நீ சொல்வாய் என்று எனக்குத் தெரியும். மற்றவர்களின் "உனக்கும்" வழக்கம். காதில் பட்டுக் கீழே விழும். உன்னுடையது விழாது. நான் அவன் அப்பா என்று நீ சொன்னதாகிவிடும். அதை எங்கே வைத்துக்கொள்வது? இந்த ஊரில் நான் யாருக்கும் அப்பா இல்லை. மாடிப்படியில் பார்க்கிறவர்கள் என்னிடம் வானிலையைச் சொல்கிறார்கள். அதோடு வாழப் பழகியிருந்தேன்.

இப்போது பழக்கம் விட்டுப்போய்விட்டது. வேலை ஓடவில்லை. நேற்றிரவு துண்டறிக்கை ஒன்றில் "கவனம், கவனமாக இருக்கவும்" என்று வந்தது. அடிக்கவில்லை. இரண்டையும் விட்டுவிட்டேன்.

உன் பையனுக்கு வாழ்த்து, அலீடா. எழுதிவிட்டேன். எழுதினால் போதாது என்றும் தெரியும். உன் பையனுக்கு வாழ்த்து. நம்ம பையனுக்கு. நம்ம அருமை அன்பு மகனுக்கு. நீ தீவிலிருந்து வந்ததும் எழுது, எந்த ஞாயிற்றுக்கிழமையானாலும் வருகிறேன். வட்டம் வேண்டாம், யாரும் வேண்டாம். ஒரே ஒரு நாற்காலி போடு. நான் வந்து சொல்கிறேன். நீ திருப்பிச் சொல்லாவிட்டாலும் சொல்கிறேன். வருகிறேன், அலீடா. வரட்டுமா? வருகிறேன்.

மைண்டர்ட்

*

ஸ்னேக்,
20 மே 2015

மைண்டர்ட்,

படித்தேன். வர வேண்டாம்.

அலீடா